ஏழை என்று யாரை எழுதுவது?

பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதம் வந்துவிட்டால் நம் பங்குகளில் ஒரு கூட்டம் தவறாது நடைபெறும். அது கல்வி உதவிக் குழுவின் கூட்டம். நன்கொடையாகச் சேர்ந்த தொகை மேசையின் ஒரு புறம் இருக்கும். விண்ணப்பங்கள் மறுபுறம் இருக்கும். சென்ற ஆண்டு நம் பங்கிற்கு அறுபதுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. கையிலிருந்த பணமோ இருபது பிள்ளைகளுக்கே போதுமானது. ஆகவே நாற்பது பேரை எவ்வாறு தள்ளுவது என்பதே அன்றைய பேச்சாயிற்று. (இதனை யாரும் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வதில்லை, "தகுதியுடையோரைத் தெரிவு செய்தல்" என்றே நடவடிக்கைக் குறிப்பில் எழுதுவோம்.)

குழுவிலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நெறியொன்று வகுத்துத் தந்தார். இருசக்கர வண்டி உள்ள வீட்டைத் தள்ளுவோம். குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டைத் தள்ளுவோம். மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மேற்பட்டோரைத் தள்ளுவோம் என்றார். முகத்தைப் பார்க்காத நேர்மையான நெறி அது. நாமும் மகிழ்ந்து ஒப்பமிட்டோம். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

அவ்வாறு தள்ளப்பட்டவற்றுள் ஒன்று, பிள்ளைப்பாக்கத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு குடும்பத்தின் விண்ணப்பம். கணவர் சிப்காட் வளாகத்தில் ஒப்பந்தத் தொழிலாளர். பிடித்தம் போக மாதம் 17,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள், எட்டாம் வகுப்பில் மகன். வண்டியும் உண்டு. இரண்டு விதிகளின்படி அவர்கள் ஏழைகள் அல்லர். மூன்று மாதங்கள் கழித்து, அத்தெருவில் வேறொரு வீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தபோது அவ்வீட்டு வாசலிலும் சற்றே நின்றோம். மகளைக் காணோம். செவிலியர் படிப்புக்கு இடம் கிடைத்தும் முதற்கட்டத் தொகை செலுத்த இயலாமல், தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து விடுதியில் தங்கியிருக்கிறாள் என்று தாய் சொன்னார். பிறகு, குறை சொல்லும் குரலில் அன்று, கணக்குச் சொல்லும் குரலில் ஒன்று கூறினார்: "இராத்திரி ஷிஃப்டுக்கு கம்பெனி பஸ் எங்க தெருப்பக்கம் வராது ஃபாதர். வண்டி இல்லேன்னா வேலை இல்லே. வண்டி இருந்தா உதவி இல்லே. நாங்க எதை விடறது?"

அக்கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. அன்றிரவு அறைக்குத் திரும்பி, ஏழை என்று யாரை எழுதுவது எனத் தீர்மானிப்பதில் அரசுகளே எவ்வளவு காலம் தடுமாறியிருக்கின்றன என்று புத்தகங்களைப் புரட்டலானோம். கண்டவற்றுள் சிலவற்றை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது பயனுடையதென்று கருதுகிறோம்.

முதற்கதை நம் மண்ணிலேயே தொடங்குகிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தை முதியோர் 'தாது வருடப் பஞ்சம்' என்பர். அன்று திருப்பெரும்புதூர் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. பசித்தோருக்கு மண் வெட்டும் நிவாரண வேலை தரப்பட்டது. பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அவ்வாறு வெட்டப்பட்டதே. வேலை செய்வோனுக்கு எவ்வளவு கூலி கொடுத்தால் உயிர் நிற்கும் என்பதே கேள்வி. வைசிராய் லிட்டன் பிரபு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் 1877 ஜனவரியில் இங்கு வந்தார். முந்தைய பீகார் பஞ்சத்தில் தாராளமாய்ச் செலவிட்டார் என்று பழிக்கப்பட்டவர் அவர். இம்முறை கையை இறுக்கினார். நாளொன்றுக்கு ஆள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும், மேற்செலவுக்குச் சிறிது காசும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். அதுவரை ஒன்றரைப் பவுண்டு கொடுக்கப்பட்டு வந்தது. மாகாணத்தின் சுகாதார ஆணையரான டாக்டர் கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். சும்மா படுத்திருப்பவனுக்கே அது காணாது. மண் சுமப்பவன் அதைக்கொண்டு எப்படி உயிர் வாழ்வான் என்பது அவர் வாதத்தின் சாரம். இருவரும் அறிக்கைமேல் அறிக்கை எழுதினர். சில மாதங்களில் சென்னை அரசு கூலியை உயர்த்தியது உண்மையே. ஆனால் பஞ்சம் முடியுமுன் இலட்சக்கணக்கானோர் மடிந்து போயினர்.

அதே ஆண்டுகளில் தாதாபாய் நவுரோஜி எதிர்த்திசையில் கணக்கிட்டார். 1876இல் பம்பாயில் அவர் வாசித்த 'இந்தியாவின் வறுமை' என்னும் கட்டுரையை நாம் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. குறைந்தபட்ச உணவு எது என்பதற்கு அவர் தேடிய அளவுகோல், கப்பலேறி அயல்நாடு செல்லும் கூலிகளுக்கு அரசு மருத்துவ அதிகாரி வகுத்திருந்த உணவுப் பட்டியல்! கப்பலில் வேலையின்றி அமர்ந்திருப்பவனுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, நெய், உப்பு. 1867-68ஆம் ஆண்டு விலையில் அதன் மதிப்பு, இடத்திற்கு ஏற்ப, ஆண்டுக்கு 16 முதல் 35 ரூபாய் வரை ஆயிற்று. நாட்டின் மொத்த விளைவைத் தலைக்கு வகுத்தால் கிடைத்ததோ 20 ரூபாய். சிறைக்கைதி ஒருவனுக்கு அரசு செலவிட்டது அதைவிட மிகுதி என்பதையும் அட்டவணை போட்டுக் காட்டினார். நம் தேசத்தில் முதன்முதல் வறுமைக்கோடு வரைந்தவர் அவரே எனலாம். டெம்பிள் கோடு வரைந்தது செலவைக் குறைக்க. நவுரோஜி வரைந்தது உண்மையை வெளிக்கொணர. கோடு ஒன்றே போல் தோன்றினாலும் வரைகிற கையின் நோக்கம் வேறு என்பதை வாசகர் ஈண்டுக் கவனிப்பாராக.

சுதந்திர இந்தியாவிற்கு வருவோம். 1962இல் திட்டக்குழுவின் ஏற்பாட்டில் அறிஞர் குழுவொன்று கூடி, ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு 1960-61 விலைப்படி மாதம் 100 ரூபாய், அதாவது தலைக்கு 20 ரூபாய், இருந்தாக வேண்டும் என்றது. இத்தொகையில் கல்விக்கும் மருத்துவத்திற்கும் ஒரு காசும் சேர்க்கப்படவில்லை. அது மறதியன்று. அவ்விரண்டையும் அரசே தரும் என்ற எதிர்பார்ப்பில் தெரிந்தே விடப்பட்டது. பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடும் இன்றைய தாய்மார் இவ்வரியை இருமுறை படிக்கக்கடவர்.

1971இல் புனேயைச் சேர்ந்த பொருளியலறிஞர் தாண்டேகரும் நீலகண்ட ரத்தும் நாளொன்றுக்கு 2,250 கலோரி என்ற அளவைக் கொண்டு கணக்கிட்டு, 1960-61இல் கிராமத்தாரில் 40 விழுக்காட்டினரும் நகரத்தாரில் பாதிப் பேரும் போதிய உணவின்றி இருந்தனர் என்று காட்டினர். 1979இல் திட்டக்குழு கிராமத்திற்கு 2,400, நகரத்திற்கு 2,100 என்று கலோரிகளை வகுத்து, அவற்றை உண்ணும் குடும்பம் மொத்தமாய் என்ன செலவிடுகிறது என்று பார்த்து, 1973-74 விலையில் தலைக்கு மாதம் 49 ரூபாய் 9 காசு, 56 ரூபாய் 64 காசு என்று கோடு போட்டது. குருமடத்தில் நாம் பயின்ற காலத்தில் இவ்விரு கலோரி எண்களையும் மனப்பாடம் செய்தது நினைவிருக்கிறது. அவற்றின் பொருளை ஒருவரும் சொல்லித் தரவில்லை, நாமும் கேட்கவில்லை. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதே கூடையை வைத்துக்கொண்டு விலையை மட்டும் ஏற்றிக்கொண்டே வந்தனர். கூடைக்குள் என்ன மாறியது என்று பார்க்கவில்லை.

2009இல் சுரேஷ் டெண்டுல்கர் தலைமையிலான குழு கல்விச் செலவையும் மருத்துவச் செலவையும் ஒருவாறு உள்ளே கொணர்ந்தது. ஆனால் அது தொடங்கிய இடம் விந்தையானது. 2004-05இல் நகர மக்களில் 25.7 விழுக்காட்டினர் ஏழைகள் என்ற பழைய முடிவை அப்படியே வைத்துக்கொண்டு, அம்முடிவு வரும் கூடை எதுவோ அதனையே நாடு முழுதிற்கும் விரித்தது. அளவுகோலைக் கொண்டு துணியை அளப்பதே வழக்கம். இங்குத் துணியைக் கொண்டு அளவுகோல் செய்யப்பட்டது. ஆயினும் விளைவு நன்றே. கிராம வறுமை 28.3 விழுக்காட்டிலிருந்து 41.8 ஆக உயர்ந்து தெரிந்தது. ஓர் அறிக்கையால் கோடிக்கணக்கானோர் ஏழைகள் ஆகிவிடவில்லை; முன்பே ஏழைகளாய் இருந்தோர் அன்றுதான் எண்ணப்பட்டனர்.

2011 செப்டம்பரில், உணவு உரிமை வழக்கில் திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் நாட்டையே கொதிக்கச் செய்தது வாசகருக்கு நினைவிருக்கும். நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாயும் கிராமத்தில் 26 ரூபாயும் செலவிடுபவர் கோட்டிற்கு மேலே இருப்பவர் என்று அது கூறியது. கூச்சலின் விளைவாக ரங்கராஜன் குழு அமைந்தது. 2014இல் அது தந்த கோடு நகரத்திற்கு மாதம் 1,407 ரூபாய், கிராமத்திற்கு 972. அதே 2011-12ஆம் ஆண்டு, அதே மக்கள்: டெண்டுல்கர் கோட்டின்படி 21.9 விழுக்காடு ஏழைகள். ரங்கராஜன் கோட்டின்படி 29.5. இடையில் நிற்போர் ஒன்பது கோடிக்கு மேற்பட்டோர். 2015இல் திட்டக்குழு போய் நிதி ஆயோக் வந்தது. ரங்கராஜன் கோடு ஏற்கப்படவேயில்லை.

கோடு மட்டுமா? கேட்கும் விதமும் எண்ணை மாற்றும். கடந்த 30 நாட்களில் என்ன உண்டீர்கள் என்று கேட்டால் ஒரு விடை. கடந்த 7 நாட்கள் என்றால் வேறு விடை. நாட்கள் சுருங்கச் சுருங்க நினைவு கூர்மையாகி, சொல்லும் செலவு கூடிவிடும். 1990களின் நடுவில் தேசிய மாதிரி ஆய்வு இதனைச் சோதித்தபோது, 7 நாள் வினாவினாலேயே ஏழைகள் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எந்த அடுப்பிலும் கூடுதலாக ஒரு பிடி அரிசி வேகவில்லை. 1999-2000இல் ஒரே வீட்டாரிடம் இரு வினாக்களையும் சேர்த்துக் கேட்டுக் குழப்பினர்; வறுமை 26.1 விழுக்காடாயிற்று என்ற அறிவிப்பை அறிஞர் பலர் இன்றளவும் நம்பவில்லை.

இப்போது நிதி ஆயோக் பணத்தைக் கேட்பதில்லை. உணவூட்டம், பள்ளி, சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, வங்கிக் கணக்கு என 12 குறிகளைப் பார்க்கிறது. அதன்படி 2019-21இல் தமிழ்நாட்டில் ஏழைகள் 2.20 விழுக்காடு மட்டுமே. இது பொய்யன்று. ஓலைக் குடிசையும் விறகுப் புகையும் இருந்த இடத்தில் தளம் போட்ட வீட்டையும் எரிவாயு அடுப்பையும் நம் கண்ணாலேயே பார்க்கிறோம். நம் முன்னோர் அழுது வேண்டிய வரங்கள் அவை. ஆனால் அந்தப் பட்டியலில் கைப்பேசியும் வண்டியும் இருந்தால் உடைமைக் குறியில் தேறிவிடலாம். நம் ஓய்வுபெற்ற ஆசிரியர் வகுத்த நெறிக்கும் இதற்கும் அதிகத் தூரமில்லை. உலக வங்கியோ 2025 ஜூனில் தன் கோட்டை நாளொன்றுக்கு 3 டாலராக உயர்த்தி, 2022-23இல் இந்தியரில் 5.3 விழுக்காட்டினரே மிகக் கொடிய வறுமையில் இருந்தனர் என்றது.

நிற்க. மீண்டும் பிள்ளைப்பாக்கத்து வீட்டிற்கு வருவோம். அந்தத் தாயின் அனுமதியோடு அவர் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். வாடகை 4,500. மின்சாரமும் தண்ணீர் கேனும் 900. வண்டித் தவணை 2,300, பெட்ரோல் 1,500. மகளிர் குழுக் கடன் தவணை 2,600. மகனின் பள்ளிக் கட்டணமும் வேனும் மாதத்திற்குப் பிரித்தால் 1,800. கூட்டினால் 13,600. எஞ்சுவது 3,400 ரூபாய். நால்வர் உண்ண வேண்டும். தலைக்கு நாளொன்றுக்கு 28 ரூபாய். நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைப்பதால் உலை கொதிக்கிறது.

இக்குடும்பம் அரசுக் கணக்கில் எங்கே நிற்கிறது? 2011-12இல் தமிழ்நாட்டுக் கிராமத்திற்கு வகுத்த கோடு தலைக்கு மாதம் 880 ரூபாய். விலைவாசி அதன்பின் இரட்டித்தது என்றே கொண்டாலும் நால்வருக்கு 7,040. இவர்களோ அதனை எளிதாகத் தாண்டுகின்றனர். ஏனெனில், கோடு பார்ப்பது குடும்பம் எவ்வளவு செலவிடுகிறது என்பதை மட்டுமே. எதற்காகச் செலவிட நேர்ந்தது என்பதை அன்று. வாடகை ஏறினால் செலவு ஏறும். செலவு ஏறினால் கணக்கில் வளம் ஏறும். இன்னும் சொன்னால் வாசகர் வியப்பர். அக்குழுக் கடன், மாமியாரின் கண் அறுவைக்காக வாங்கப்பட்டது. அறுவைக்குச் செலவான தொகை அந்த ஆண்டின் குடும்பச் செலவில் சேர்ந்து அவர்களைச் சற்று வசதியானவர்களாய்க் காட்டியிருக்கும். அதற்குப் பின் மாதந்தோறும் கட்டும் தவணையோ நுகர்வுச் செலவே ஆகாது. ஆய்வாளரின் தாளில் அதற்கு இடமில்லை. நோய் வந்த ஆண்டில் செல்வம். கடன் தீர்க்கும் ஆண்டில் மௌனம்.

அடுத்த தெருவில் தகரக் கொட்டகை அறைகள் உள்ளன. ஒடிசா, பீகார், அசாம் மாநிலத்து இளைஞர்கள் அறைக்கு அறுவராய்த் தங்கியிருக்கின்றனர்; ஒரு ஷிஃப்டு எழுந்து போனால் மறு ஷிஃப்டு வந்து அதே பாயில் படுக்கும். ஊருக்கு அவர்கள் அனுப்பும் பணத்தால் அங்குள்ள வீடு கோட்டிற்கு மேலே ஏறுகிறது. இங்கே அவர்கள் படுத்திருக்கும் பாய் எந்தக் கோட்டிற்குக் கீழே என்று யாரும் கேட்பதில்லை. நிலையான இருப்பிடமற்றோர் குடும்பச் செலவு ஆய்வில் வருவதேயில்லை. ஏரியும் வயலுமாய் இருந்த ஊரில் இத்தனை பேருக்கு வேலை கிடைத்தது பெருநன்மையே. அதனை மறுப்பவர் பசியை அறியாதவர். வேலை உள்ளவன் ஏழையாக இருக்கமாட்டான் என்று பழைய கோடுகள் எண்ணிக்கொண்டதுதான் பிழை.

ஒரு செய்தியை நம் மாநிலத்தின் பெருமையாகச் சொல்லவேண்டும். 1997இல் மத்திய அரசு கோட்டிற்குக் கீழே, கோட்டிற்கு மேலே என்று குடும்ப அட்டைகளைப் பிரித்தபோது, தமிழ்நாடு அரிசிக்கு அவ்வாறு பிரிக்க மறுத்து, எல்லோருக்கும் பொதுவான விநியோகத்தையே தொடர்ந்தது. கோடு எங்கே போட்டாலும் தவறாய் விடப்படுவோர் இருப்பர். வசதியுள்ளவன் வரிசையில் நிற்க அலுத்து விலகுவான் என்ற நடைமுறை ஞானம் அது. அதனாலன்றோ மேற்சொன்ன வீட்டில் வண்டி இருந்தும் அரிசி நிற்கவில்லை. ஆயினும் எதற்கும் கோடு போடாமல் ஓர் அரசு நடக்க இயலாது. 2023 செப்டம்பர் 15 அன்று நம் காஞ்சிபுரத்தில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கப்பட்டபோது, ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்திற்கு உட்பட வேண்டும். மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டலாகாது. கார் இருத்தல் கூடாது. நன்செய் 5 ஏக்கருக்கு மேலாகாது என்று விதிகள் வந்தன. மாதம் 1,000 ரூபாய்க்காக ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களைத் தெரிவு செய்ய வேண்டியிருந்தவர்களை நாம் எளிதில் குறைகூற இயலவில்லை. அறுபது விண்ணப்பங்களிலேயே நாம் தவறிவிட்டோமே!

இவ்வாண்டு மே மாதமே குழுவைக் கூட்டினோம். பிள்ளைப்பாக்கத்துத் தாளை ஆசிரியர் கையில் கொடுத்தோம். நெடுநேரம் பார்த்தார். "நான் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டேன், எது நின்றுபோனது என்று கேட்கவில்லை" என்றார். அவரே பழைய படிவத்தை அடித்துவிட்டுப் புதிய வினாக்களை எழுதினார். கடந்த ஓராண்டில் யார் படிப்பை நிறுத்தினார்? எந்த மருந்து பாதியில் நின்றது? அடகில் இருப்பது என்ன? மாதத் தவணை எவ்வளவு? விண்ணப்பத்தை மேசையில் வைத்துத் தீர்ப்பதில்லை, வின்சென்ட் தே பவுல் சபையினர் செய்வதுபோல் இருவர் இருவராய் வீட்டிற்கே சென்று கேட்பது என்றும் முடிவாயிற்று. இதிலும் இடர் உண்டு. கேட்பவர் தெரிந்தவராய் இருந்தால் சிலர் உண்மையை மறைக்கின்றனர். அடகுச் சீட்டைக் காட்டுவதைவிட உதவியை இழப்பதே மேலென்று கருதிய இரு வீடுகளை நாமே கண்டோம். அவர்களை எவ்வாறு எழுதுவது என்று புதிய படிவத்திலும் வழியில்லை.

அந்த மகள் ஞாயிறு பூசைக்கு வந்திருந்தாள். செவிலியர் படிப்பிற்கு இவ்வாண்டு விண்ணப்பிக்கலாமே, பங்கு ஒரு பகுதியைத் தரும் என்றோம். இரண்டு தவணை பாக்கியிருக்கிறது, அதை முடித்துவிட்டுப் பார்க்கிறேன், தம்பிக்குக் கொடுங்கள் என்றாள். தம்பியின் பெயரை எழுதிக்கொண்டோம். இம்முறை வந்த விண்ணப்பங்கள் எழுபத்தொன்று. பணம் இருபத்து நால்வருக்கு. எஞ்சிய நாற்பத்தேழு வீடுகளுக்கு என்ன சொல்லி அனுப்புவது என்று குழு வரும் வெள்ளிக்கிழமை மீண்டும் கூடுகிறது.